தூரத்துப் போரும் நம் நடுநிலையும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ரஷ்ய–உக்ரைன் போர் பற்றிப் பேச்சு எடுத்தால், எங்கே பேசினாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர், எண்ணெய்க் கடைக்காரர்கள், பர்மாக் கணக்குச் சீட்டை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பத்தார் எனப் பலரும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். அரசின் பார்வை வேறு, மக்களின் பார்வை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

நாம யார் பக்கம்ங்க? ரஷ்யாவா, உக்ரைனா?

அரசு சொல்லும் பதில்: இருவர் பக்கமும் இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்று முதல் இந்தியா சொல்லி வருவது இதுதான்: சண்டை நிற்க வேண்டும், பேசித் தீர்க்க வேண்டும், ஐ.நா. சாசனத்தையும் நாடுகளின் எல்லையையும் எல்லோரும் மதிக்க வேண்டும். ஆனால் எல்லையை மீறியது யார் என்று பெயர் சொல்லிக் கண்டித்ததில்லை. அந்த ஒரு பெயரைத் தவிர்ப்பதில்தான் நம் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

2024 ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோ சென்றார். ஆகஸ்ட் 23 அன்று கீவ் நகரில் இருந்தார். உக்ரைன் தனி நாடான பிறகு இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை.

அப்ப சுவிட்சர்லாந்து மாதிரியா நாமளும்?

இல்லை. சுவிட்சர்லாந்தின் நடுநிலை 1815 முதல் மற்ற நாடுகள் ஒப்புக்கொண்ட சட்ட நிலை. 1907 ஹேக் ஒப்பந்தங்கள் நடுநிலை நாட்டுக்குக் கடமைகளை வகுத்திருக்கின்றன: போரிடும் நாட்டின் படையைத் தன் மண் வழியே விடக்கூடாது, அரசு தானே ஆயுதம் தரக்கூடாது, ஒருவருக்குப் போட்ட கட்டுப்பாட்டை மற்றவருக்கும் போட வேண்டும். போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் வந்தால் பொதுவாக 24 மணி நேரம்தான் தங்கலாம்.

இந்தியா அப்படி எந்த உறுதியும் தந்ததில்லை. நம்முடையது அந்தந்தச் சமயத்துக்கு எடுக்கும் முடிவு. 1946 செப்டம்பரில் வானொலியில் பேசிய நேரு, வல்லரசுக் கூட்டணிகளின் சண்டையிலிருந்து விலகி நிற்போம் என்றார். வேர் அங்கே இருக்கிறது. அதே சுவிட்சர்லாந்து 2022 பிப்ரவரி 28 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைகளை ஏற்றுக்கொண்டது, நாம் ஏற்கவில்லை. ஆக, சட்டப்படி நடுநிலை வகிக்கும் நாடு தடை போட்டது, சட்டக் கட்டு ஏதுமில்லாத நாடு வியாபாரம் செய்தது.

ஐ.நா.வுல ஓட்டே போடாம நழுவிட்டோம்னு சொல்றாங்களே?

நழுவவில்லை, ‘வாக்களிக்காமல் இருக்கிறோம்’ என்று பதிவு செய்தோம். அவைக்கே வராமல் இருப்பது வேறு, வந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் கை தூக்காமல் இருப்பது வேறு. 2022 மார்ச் 2 பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, வாக்களிக்காதோர் 35. அந்த 35-இல் இந்தியா ஒன்று. உக்ரைனின் நான்கு பகுதிகளை ரஷ்யா இணைத்துக்கொண்டதைக் கண்டித்த 2022 அக்டோபர் 12 தீர்மானத்திலும் (143–5–35), 2023 பிப்ரவரி 23 தீர்மானத்திலும் (141–7–32) இதே நிலைதான்.

வாக்கோடு ஒவ்வொரு நாடும் விளக்க உரை கொடுக்கும். அதைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தெரியாமல் போகும். கீவ் அருகிலுள்ள புச்சாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, 2022 ஏப்ரலில் இந்தியா அதைக் கண்டித்து, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றது. 2022 ஆகஸ்ட் 24 அன்று, உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கி பாதுகாப்பு மன்றத்தில் காணொலி வழியே பேசலாமா என்ற நடைமுறை வாக்கெடுப்பில் ரஷ்யா எதிர்த்தது. இந்தியா அனுமதிக்கும் பக்கம் வாக்களித்தது. இதெல்லாம் அந்த விளக்கங்களில்தான் கிடைக்கும்.

ரஷ்யாவை ஒரு வார்த்தை கண்டிச்சா என்ன குறைஞ்சா போயிடும்?

முதல் காரணம் ஆயுதம். உலக ஆயுத வணிகத்தைக் கணக்கெடுக்கும், ஸ்டாக்ஹோமிலுள்ள சிப்ரி நிறுவனக் கணக்குப்படி இந்தியாவின் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010–14-இல் 72 சதவீதம், 2020–24-இல் 36. குறைந்துதான் வருகிறது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய சுகோய் விமானத்துக்கும் டி-90 டாங்கிக்கும் இன்னும் பல வருடம் உதிரிபாகம் வேண்டும். புதிதாக வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த முடியாது. 2018-இல் ஒப்பந்தமான எஸ்-400 வான்பாதுகாப்பு அமைப்பு முழுவதும் வந்து சேரும் முன்பே போர் வந்துவிட்டது. நம் கூடங்குளத்திலும் தலா 1000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகள் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் ஓடுகின்றன. மேலும் நான்கு கட்டுமானத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, பழைய கடன். காஷ்மீர் விஷயத்திலும், 1961 கோவா விஷயத்திலும், 1971 வங்கதேசப் போரிலும் பாதுகாப்பு மன்றத்தில் நமக்காகத் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தியது சோவியத் யூனியன். மூன்றாவது சீனா. ரஷ்யாவை ஒரேயடியாகச் சீனாவின் கைக்குத் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை தில்லியில் எப்போதும் உண்டு. எங்கள் பார்வையில் இந்த மூன்றில் கனமானது இதுவே.

வார்த்தையே சொல்லவில்லை என்பதும் சரியல்ல. 2022 செப்டம்பர் 16 அன்று சமர்கண்டில் புதின் எதிரில் இருக்கும்போதே ‘இது போருக்கான காலம் அல்ல’ என்றார் மோடி. அந்தக் கருத்து இரண்டே மாதத்தில் பாலி ஜி-20 அறிக்கையில் ஏறியது.

ஜனங்க உண்மையில என்ன நினைக்கிறாங்க?

கணிப்புகள் காட்டுவது இது. 2023 தொடக்கத்தில் வந்த ஐரோப்பிய வெளியுறவு மன்றக் கணிப்பில், இந்தியர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ரஷ்யாவை நட்பு நாடு அல்லது தேவையான கூட்டாளி என்றார்கள். உக்ரைன் நிலத்தை விட்டுக்கொடுத்தாவது போர் சீக்கிரம் முடியட்டும் என்றவர்கள் 54 சதவீதம். அதே கேள்விக்கு ஐரோப்பியர்களின் பதில் பெரும்பாலும் வேறு மாதிரி இருந்தது.

இதை ‘மக்கள் போரை ஆதரிக்கிறார்கள்’ என்று படிப்பது தவறு. ரஷ்யா மீதுள்ள பாசம் பழையது. 1971-இல் அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்கு வந்ததை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, மலிவு விலையில் வந்த புத்தகங்கள் இந்தப் பக்கத்து வீடுகளிலும் நூலகங்களிலும் இருந்தன. ஈராக் போரை மறக்காதவர்கள், மேற்கு நாடுகள் நியாயம் பேசும்போது நம்ப மறுக்கிறார்கள். கூடவே உக்ரைன் மக்கள் மீதான இரக்கமும் இருக்கிறது. இவையெல்லாம் ஒரே மனிதருக்குள் சேர்ந்தே இருக்கலாம். ‘ஆம், இல்லை’ கேள்வி அதைப் பிடிக்காது.

எங்க ஐயாவெல்லாம் பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவுக. அப்பவும் நாம நடுநிலையா?

அப்போது முடிவு நம் கையில் இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இங்கே யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மாகாண அரசுகள் விலகின. சென்னையில் ராஜாஜி அரசும் விலகியது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச் 8 அன்று நகரம் விழுந்தது. லட்சக்கணக்கானோர் மலைப்பாதை வழியே நடந்து வந்தார்கள்.

நகரத்தார் பணம் அங்கே எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு ஒரு கணக்கு: பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13-இல், செட்டியார்கள் கைவசம் இருந்த நிலம் 1930-இல் சுமார் 6 சதவீதம். விலைவாசி சரிந்து, ஈடு வைத்தவர்கள் கடன் கட்ட முடியாமல் போனதில் 1938-இல் அது சுமார் 25 சதவீதமானது. போருக்குப் பின் வந்த நில தேசியமயமும், 1962-இல் வந்த ஜெனரல் நே வின்னின் ராணுவ ஆட்சியும் மிச்சத்தையும் முடித்தன. வெளிநாட்டுப் போரை வெறும் செய்தியாகப் பார்க்க முடியாத ஊர்கள் இவை. அந்தப் பர்மா விவசாயியின் பார்வையில் நிலம் போனது அவனுக்கு முதலில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உக்ரைன்ல சண்டைன்னா எங்க வீட்டு எண்ணெய்ச் சட்டி ஏன் காயுது?

சூரியகாந்தி எண்ணெய் இந்தியாவில் அதிகம் விற்பது தென்மாநிலங்களில். போருக்கு முன் நாம் இறக்குமதி செய்ததில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது, அடுத்த இடம் ரஷ்யாவுக்கு. ஒடேசா பக்கத்துத் துறைமுகங்கள் மூடப்பட்டதும் சரக்கு அங்கேயே நின்றது. கருங்கடலுக்குப் போகும் கப்பலுக்குக் காப்பீட்டுக் கட்டணமும் ஏறியது. பதிலுக்குப் பாமாயில் வாங்கலாம் என்றால் இந்தோனேசியா 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை ஏற்றுமதியை நிறுத்தியது. தேன்குழலும் கைமுறுக்கும் படிக்கணக்கில் சுட்டு விற்கிறவர்களுக்கு இரண்டு அடியும் ஒரே நேரத்தில் விழுந்தது. கடலை எண்ணெய்க்கு மாறியவர்களால் அதன் விலையும் கூடியது.

அரசு 2022 மே மாதம் சூரியகாந்தி, சோயா கச்சா எண்ணெய் தலா 20 லட்சம் டன் வரை வரியில்லாமல் இறக்கலாம் என்றது. ஜூலை 22-இல் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று செய்த கருங்கடல் தானிய ஒப்பந்தம் துறைமுகங்களைத் திறந்தது. 2023 ஜூலை 17-இல் ரஷ்யா விலகியதும் அது முடிந்தது. அதற்குள் நம் இறக்குமதியாளர்கள் ரஷ்யாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் மாறியிருந்தார்கள்.

ரஷ்யாகிட்ட மலிவா கச்சா எண்ணெய் வாங்குறோம். பெட்ரோல் விலை ஏன் இறங்கல?

2021-இல் நம் கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. 2023–24-இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடி கிடைத்தது உண்மை. ஆனால் அது முதலில் போய்ச் சேர்வது சுத்திகரிப்பு நிறுவனத்தின் கணக்கில். 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் வரி குறைத்த பிறகு, அடுத்த பெரிய மாற்றம் 2024 மார்ச்சில் வந்த 2 ரூபாய்க் குறைப்புதான். விலை ஏறியபோது பொதுத்துறை நிறுவனங்கள் நட்டத்தில் விற்றன, இறங்கியபோது அந்த நட்டத்தை ஈடு கட்டிக்கொண்டன. தனியார் ஆலைகள் ரஷ்ய எண்ணெயைச் சுத்திகரித்து டீசலாக ஐரோப்பாவுக்கே விற்றதும் நடந்தது.

‘இந்தப் பணம் போருக்குத்தானே போகிறது’ என்ற கேள்வியும் இதோடு வரும். ஒரு பகுதி போகிறது, மறுப்பதற்கில்லை. ரஷ்ய எண்ணெய் சந்தைக்கே வராமல் போயிருந்தால் உலக விலை இன்னும் ஏறியிருக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவும் ஜி-7 நாடுகளும் 2022 டிசம்பர் 5-இல் முழுத்தடை போடாமல் பீப்பாய்க்கு 60 டாலர் என்ற உச்சவரம்பு போட்டது அதனால்தான். பின்னர் நிலை மாறியது. 2025 ஆகஸ்டில் இதே எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டு, மொத்தத்தை 50-ஆக்கியது. அடி விழுந்தது திருப்பூர்ப் பின்னலாடைக்கும் இறாலுக்கும். எண்ணெய் வாங்கியவர்கள் வேறு, வரியில் மாட்டியவர்கள் வேறு.

ரூபாயிலயே வியாபாரம்னாங்க. அது என்னாச்சு?

வட்டிக்கடையும் பேரேடும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். 2022 ஜூலை 11-இல் ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வங்கிகள் இங்கே சிறப்பு ரூபாய்க் கணக்கு வைத்துக்கொண்டு வரவு செலவு செய்யலாம் என்று வழி திறந்தது. ஏற்பாட்டில் பிழையில்லை, கணக்குத்தான் நேராகவில்லை. 2023–24-இல் ரஷ்யாவிடம் நாம் வாங்கியது சுமார் 61 பில்லியன் டாலர், விற்றது 4 பில்லியனைக் கொஞ்சம் தாண்டியது. நம்மிடம் வாங்க அவர்களுக்குப் போதிய சரக்கு இல்லாததால் ரூபாய் இங்கேயே தேங்கியது. தேங்கியதை இந்திய அரசுப் பத்திரங்களில் போடலாம். மற்றபடி எண்ணெய்க்கு ஐக்கிய அரபு அமீரக நாணயமான திர்ஹாமிலும் வேறு நாணயங்களிலும் பணம் போனது.

சிங்கப்பூரு அம்புட்டுச் சின்ன ஊரு. அதுவே தடை போட்டுச்சே?

சின்ன ஊர் என்பதால்தான் போட்டது. பெரிய நாடு சின்ன நாட்டைப் பலத்தால் விழுங்கலாம் என்று ஏற்றுக்கொண்டால் தனக்கே ஆபத்து என்பது சிங்கப்பூரின் வாதம். தென்கிழக்கு ஆசியாவில் அப்படித் தானாகத் தடை போட்ட நாடு அது ஒன்றுதான். ரஷ்ய ஆயுதத்தை நம்பியிராத, வங்கித்தொழிலுக்கு உலக நம்பிக்கை தேவைப்படுகிற நாட்டுக்கு அந்த முடிவு எளிது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: ரஷ்ய வங்கி சம்பந்தப்பட்ட பணப் பரிமாற்றம் இந்தியாவில் சட்டப்படி சரியாக இருந்தாலும் சிங்கப்பூர் வங்கி தடுக்கலாம். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டமே உங்கள் கணக்குக்குப் பொருந்தும்.

ஜனங்க சத்தம் போட்டா தில்லி கேக்குமா?

கேட்கும், ஆட்சி அந்தச் சத்தத்தை நம்பி நிற்கும்போது. தமிழர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இலங்கைதான். 2009 மே மாதம் போர் முடிந்ததும் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு ஆதரவான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது; தமிழ்நாடு கொதித்தது. 2012 மார்ச் 22 அன்று, இலங்கையைப் பொறுப்புக்கூறச் சொன்ன அமெரிக்கத் தீர்மானத்தை (24–15–8) இந்தியா ஆதரித்தது. இடையில் என்ன மாறியது? மத்திய அரசு தி.மு.க.வின் ஆதரவில் நின்றது, தமிழ்நாட்டுக் கட்சிகள் அனைத்தும் ஒரே குரலில் அழுத்தின. 2013 மார்ச்சில் மாணவர் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. தி.மு.க. 19-ஆம் தேதி விலகியது, 21-ஆம் தேதி இந்தியா மீண்டும் தீர்மானத்தை ஆதரித்தது. 2014 மார்ச்சில் அந்தப் பிடி இல்லை. இந்தியா வாக்களிக்காமல் இருந்தது.

உக்ரைன் விஷயத்தில் அப்படி ஒரு பிடி எந்த மாநிலத்திடமும் இல்லை. போரும் வெளியுறவும் மத்தியப் பட்டியலில் உள்ளவை. சட்டமன்றத் தீர்மானம் கருத்தாகத்தான் நிற்கும். ஆனால் பொதுக்கருத்து வேறொரு வேலையைச் செய்தது. 2022-இல் மாணவர்கள் பதுங்கு அறைகளிலிருந்து அனுப்பிய காணொலிகள் வீடுவீடாகப் பரவிய பிறகு, மீட்புப் பணிக்கு நான்கு மத்திய அமைச்சர்கள் உக்ரைனின் அண்டை நாடுகளுக்குப் போனார்கள். சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். ஆக, மக்கள் கருத்து வாக்கை மாற்றவில்லை, வேகத்தை மாற்றியது.

இன்னொன்று: அரசு அடக்கி வாசிப்பதால் குடிமக்களும் அடக்கி வாசிக்க வேண்டும் என்றில்லை. 1956-இல் ஹங்கேரியில் சோவியத் படை புகுந்தபோது நேரு அரசு தயங்கியது. ஜெயப்பிரகாஷ் நாராயண் வெளிப்படையாகக் கண்டித்தார். அதை யாரும் தேசத்துக்கு எதிரானது என்று சொல்ல முடியவில்லை.

ரஷ்யாவுல உதவியாளர் வேலை, மாசம் லட்சம்னு ஏஜென்ட் சொல்றாரு. போகலாமா அண்ணே?

வேண்டாம். இப்படிப் போனவர்கள் சிலர் போர்முனையில் நிறுத்தப்பட்டு, அதில் இந்தியர்கள் இறந்தும் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் சி.பி.ஐ. ஆள்கடத்தல் வழக்குப் பதிவு செய்தது. வழி எப்போதும் ஒன்றுதான்: சுற்றுலா அல்லது மாணவர் விசாவில் அழைத்துப் போவது, அங்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வது, ரஷ்ய மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது. அந்தத் தாள் படைச் சேர்க்கை ஒப்பந்தம். இடையில் விலக முடியாது.

மலேசியாவும் வளைகுடா நாடுகளும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன, ரஷ்யா இல்லை. அதனால் நமக்குப் பழகிய சோதனை அங்கே நடப்பதில்லை. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் உரிம எண்ணைப் பாருங்கள், சென்னைக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே போய் மாட்டியிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதிந்து, மாஸ்கோ தூதரகத்துக்கும் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் பாஸ்போர்ட் நகலுடன் எழுதுங்கள். நம்மோடு சமாதானமாக உள்ள நாட்டின் அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 153-ஆம் பிரிவின்படி குற்றம். உக்ரைன் அப்படிப்பட்ட நாடுதான்.

நாளைக்குச் சீனா நம்ம மேல வந்தா, இன்னைக்கு நாம சும்மா இருந்ததைச் சொல்லிக் காட்ட மாட்டாங்களா?

சொல்லிக் காட்டுவார்கள். நடுநிலைக்கு எதிரான வாதங்களில் எங்களுக்குக் கனமாகப் படுவது இதுதான். பலத்தால் எல்லையை மாற்றக்கூடாது என்பது அருணாசலத்திலும் லடாக்கிலும் நமக்கே தேவையான விதி. 2022 அக்டோபர் இணைப்புத் தீர்மானத்தில் அந்த விதி மட்டுமே பேசப்பட்டது. எண்ணெய், ஆயுதம் பற்றி மேலே சொன்ன காரணங்கள் எதுவும் அந்த ஒரு வாக்குக்கு முழுதாகப் பொருந்தவில்லை. அதில் ஆதரவு தந்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

அதற்காக நடுநிலையே வீண் என்பதும் சரியல்ல. கொரியப் போர் 1953-இல் நின்றபோது, நாடு திரும்ப மறுத்த சுமார் 23,000 கைதிகளை யார் பொறுப்பில் விடுவது என்ற சிக்கல் வந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைமை தாங்கினார். கைதிகளைக் காத்தது இந்தியப் படை. எந்தப் பக்கமும் போக மறுத்த 88 பேர் இந்தியாவுக்கு வந்தார்கள். ஒரு பக்கம் சேர்ந்திருந்த நாட்டால் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

வாட்ஸ்அப்ல ‘இந்தியா ரஷ்யாவுக்கு ஆதரவா ஓட்டு’ன்னு வருது. எப்படிச் சரிபார்க்குறது?

முதலில் தேதியையும் அவையையும் பாருங்கள். பாதுகாப்பு மன்றம், பொதுச்சபை, மனித உரிமை மன்றம் மூன்றும் வேறு வேறு. இந்தப் போர்க் காலத்தில் 2022 முடியும் வரை மட்டுமே நாம் பாதுகாப்பு மன்றத்தில் இருந்தோம் (2021–22 உறுப்பினர் காலம்). 2023, 2024 தேதி போட்டு ‘பாதுகாப்பு மன்றத்தில் இந்தியா வாக்கு’ என்று வந்தால் அது பொய். பிறகு ஐ.நா. மின் நூலகத்தில் தீர்மான எண்ணைத் தட்டினால் நாடுவாரியாக வாக்கு வரும். அங்கே பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லாவிட்டால் வராதவர் என்று பொருள், வாக்களிக்காதவர் என்று அல்ல.

கடைசியாகத் தீர்மானத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். 2025 பிப்ரவரி 24 அன்று உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் கொண்டுவந்த தீர்மானத்தை (93–18–65) அமெரிக்காவே எதிர்த்தது. இந்தியா வழக்கம்போல் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காதோர் எண்ணிக்கை அன்று 65-ஆக உயர்ந்ததை வைத்து ‘உலகம் இந்தியா பின்னால் வந்துவிட்டது’ என்று பரப்பினால் நம்ப வேண்டாம். அந்த 65 பேரில் ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. விளக்க உரைகளைத் திறந்தால் தெரியும்.